பேசாமல் இருந்தவளின் சம்மதம்

1

எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் செருப்பு முனையைப் பார்த்தபடி, யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பிஸ்கெட் தட்டுதான் வந்தது. கூட்டம் முடிந்துவிட்டது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இது நடந்தது ஜெர்மனியில், நான் குடியிருக்கும் சிறிய நகரத்தில். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. இதை ஊர்க்காரர்கள் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று நான் செய்த தவறை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்கு அரை வார்த்தையில் புரியும்.

வெயிலும் மழையும் முறை தப்பிப்போனதில் எங்கள் நகராட்சி கொஞ்சம் பயந்துபோய் ஓர் ஏற்பாடு செய்தது. நகரத்தை எப்படி மாற்றுவது என்று அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாமல், குடியிருப்பவர்களில் சிலரைக் குலுக்கல் போட்டு எடுத்து, பேசவைத்து, அவர்களிடமே பரிந்துரை கேட்பது. காலநிலைக் குடிமக்கள் மன்றம் என்று அதற்குப் பெயர். குலுக்கலில் என் பெயர் விழுந்திருப்பதாகக் கடிதம் வந்தது. வீட்டில் வாசித்துச் சொன்னேன்.

"சீட்டு உழுந்துருச்சா? அப்ப கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் காளப்பநாயக்கன்பட்டிக்காரர், லாரிக் குடும்பம். உலகத்தில் குலுக்கல் என்று ஒன்று நடந்தால் அது சீட்டுப் பணத்துக்காகத்தான் என்பது அவருடைய முடிவு.

மகள் யாழினிக்குத்தான் தலைகால் புரியவில்லை. பதினைந்து வயது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பூமியைக் காப்பாற்றப் பதாகை பிடிக்கிற கூட்டத்தில் அவளும் உண்டு. வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். என்னைப் பற்றித் தோழிகளிடம் அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த வாரம்தான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

2

முதல் கூட்டத்தில் நான் நன்றாகவே பேசினேன். எங்கள் இல்லத்துக்குப் பக்கத்தில் நகராட்சியின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது; வெளியிலிருந்து வேலைக்கு வருகிற எங்கள் ஆட்கள் காரை விடுவதும் அங்கேதான். முழுக்கத் தார். கோடையில் அது வாங்கும் சூடு சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கத்து அறைகளுக்குள் வீசும். போன கோடையில் அந்த அறைகளில் இருந்த வயதானவர்களுக்கு நாங்கள் ஈரத்துணி போட்டுப் போட்டு மாய்ந்துபோனோம். இதை என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். கூட்டத்தை நடத்தும் பிர்கிட் என்ற பெண்மணி ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டாள். வெகு நல்லவள். எனக்குச் சொல் கிடைக்காதபோது தன் வாயிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டாமல் காத்திருப்பாள்.

மூன்றாவது கூட்டத்தில் அது பரிந்துரையாகவே வந்துவிட்டது. தாரைப் பெயர்த்து எறிவது, மரம் நடுவது, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி செய்வது. கார்களுக்கு இடம் கிடையாது, எல்லோரும் பஸ்ஸில் வர வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பஸ் என்றதும் மணியைக் கணக்குப் பார்த்தேன். எங்கள் காலை ஷிப்டு ஆறு மணிக்கு. முதல் பஸ் வந்து சேரும்போது நாங்கள் பாதிப் பேருக்குப் பல் துலக்கி முடித்திருப்போம். எங்கள் மலையிலேயே விடிவதற்கு முன்னால் ஒரு பஸ் கீழே இறங்குகிறது. இத்தனை பெரிய நாட்டில், அந்த நேரத்துக்கு ஒரு பஸ் கிடையாது. மரம் வரட்டும், ஆனால் பஸ் முதலில் வரட்டும். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று பிர்கிட் கேட்டாள்.

நான் தலை குனிந்து பேசாமல் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் கூட்டம் நடக்கும் விதம் மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். சம்மதம் என்றால் ஒவ்வொருவரும் வாய்விட்டு "ஆகட்டுங்க" என்று சொல்லியாக வேண்டும். சம்மதமில்லை என்றால் எழுந்து நின்று மறுப்பது மரியாதை இல்லை. பேசாமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் போதும். ஒரே ஓர் ஆள் அப்படி உட்கார்ந்திருந்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். யாராவது பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன குறை என்று கேட்டே ஆக வேண்டும். இதை நான் தங்கமான வழக்கம் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் மோட்டாருக்கு ரூம் எங்கே கட்டுவது என்ற பேச்சு ஒருமுறை விதைப்பில் ஆரம்பித்து அறுப்பு வரைக்கும் இழுத்தது. அதுவரைக்கும் மோட்டார் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஜெர்மனியில் எனக்கு எத்தனையோ மாறிவிட்டது. குப்பையை வகைவகையாகப் பிரிக்கிறேன். சிவப்பு விளக்கில், தெருவே காலியாக இருந்தாலும், நிற்கிறேன். மற்ற நாட்களில் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்கு வேண்டாததை வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். ஆனால் வட்டமாக நாற்காலி போட்டு, ஊர்ப் பொதுக்காரியம் என்று பத்துப் பேர் உட்கார்ந்ததும் என் உடம்பு என்னைக் கேட்காமலேயே வாழவந்தி நாட்டுக்குப் போய்விட்டது. நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். ஊரறிய, பலமாக மறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

"அருமை. ஏகமனதாக!" என்றாள் பிர்கிட்.

3

மார்த்தா போலந்துக்காரி. இல்லத்தில் என் கூட வேலை செய்கிறவள். நான் வந்த புதிதில் எனக்கு வார்டு பேச்சு கற்றுக்கொடுத்தவள், என் முதல் பனிக்காலத்துக்குத் தன் பழைய பூட்ஸைக் கொடுத்தவள். நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடம் போகும் மகனோடு தனியாக இருக்கிறாள். அவளுடைய ஓட்டைக் காரை அந்தத் தார் மைதானத்தில்தான் நிறுத்துவாள். பக்கத்துத் தெருக்களில் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

பரிந்துரை உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அன்று உடை மாற்றும் அறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏகமனதாக என்று போட்டிருக்கிறார்கள். நீ அங்கேதானே இருந்தாய்?"

"இருந்தேன். நான் சம்மதிக்கவில்லை."

"என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

அவள் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நம் இல்லத்திலிருந்து அங்கே போன ஒரே ஆள் நீதான்" என்றாள். "மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். சாயங்காலம் என் பையனோடு யார் இருப்பது? நான் இந்த வேலையை விட வேண்டியதுதான்." லாக்கரை அவள் அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள். அன்றிலிருந்து என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

வீட்டில் யாழினியிடம் சொன்னேன். அவள் கட்சி மரத்தின் கட்சி. இருந்தாலும் முகம் சுருங்கிவிட்டது. "சும்மா உட்கார்ந்திருந்தாயா? கேட்டார்கள் அல்லவா? கேட்டபோது ஏன் பேசவில்லை?" என்றாள் ஜெர்மனில். நான் ஊர் வழக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "அம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர்தான், "உடு. நாமக்கல்லுல இருந்து கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்டுன பரம்பரை, நமக்கு பஸ் எதுக்கு?" என்று சமாதானம் சொன்னார். அது சமாதானமாக இல்லை.

நகராட்சிக்கு எழுதினேன். மூன்றாவது கூட்டத்தின் குறிப்பு ஏற்கப்பட்டுவிட்டது, மாற்றம் எதுவும் நிறைவுக் கூட்டத்தில்தான் எழுப்ப முடியும் என்று பணிவான பதில் வந்தது. நிறைவுக் கூட்டம் கோடை விடுமுறையில். நாங்கள் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தோம். வீடியோவில் சேரலாமா என்று கேட்டேன். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டாம். அனுப்பினேன். நான் எந்த நாட்டிலிருந்து சேருவேன் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். கடைசியில் அனுமதி கிடைத்தது.

4

விமானத்தில் ஏறியதைத் தோழிகளிடம் சொல்ல வேண்டாம் என்று யாழினி முடிவு செய்திருந்தாள். பூமி சூடாவதில் எங்கள் பயணத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தாள் போல. காளப்பநாயக்கன்பட்டியில் மாமனார் வீட்டில் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் வாந்தி எடுத்ததில் அந்தக் கணக்கு கொஞ்சம் மறந்துபோயிற்று.

என் தம்பி பழனிச்சாமி ஊரில் மிளகும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் வைத்திருக்கிறான். வந்து இறங்கிய உடனே, "ஏனக்கா, நல்ல நேரத்துல வந்த. மரம் நடறவங்க வந்திருக்காங்க" என்றான். ஏதோ ஒரு கம்பெனி. வெளிநாட்டில் புகை விடுகிறவர்கள் அந்தக் கணக்கை நேர்செய்யப் பணம் கொடுப்பார்களாம், அந்தப் பணத்தில் மலையில் மரம் நடுவார்களாம், நிலத்துக்காரர்களுக்கும் வருடாவருடம் ஏதாவது வருமாம். பழனிச்சாமிக்கு இதில் பெரிய ஆர்வம். மழை பெய்கிற லட்சணத்தைப் பார்த்து, இனி மரம்தான் சோறு போடும் என்கிற முடிவுக்கு வந்திருந்தான்.

ஊர்க்கூட்டம் கோயிலுக்கு முன்னால் கூடியது. கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் மடிக்கணினியில் எங்கள் மலையைக் காட்டினார். அங்கங்கே மஞ்சள் பூசிய இடமெல்லாம் காலி நிலம் என்றார். நன்றாகத்தான் விளக்கினார். கடைசியில், "எதிர்ப்பு இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. "ஆகட்டுங்க" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர் சிரித்துக்கொண்டு மடிக்கணினியை மூடப் போனார்.

"இருங்க தம்பி" என்றார் ஊர்ப் பெரியவர். "இன்னும் ஒரு ஆள் பாக்கி."

சின்னப்பொண்ணு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் சித்தப்பா மகள், என்னைவிட இளையவள், பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை வைத்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருப்பது நான்தான் என்று தோன்றிவிட்டது.

"ஆரம்பிச்சுட்டா" என்று பழனிச்சாமி பல்லைக் கடித்தான். ஆனால் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவனும் அவன்தான்.

"ஏம்புள்ள, உனக்கு என்ன கொறை?"

இன்னொரு முறை கேட்டான். "கூட்டம்னு எனக்கு ஆருஞ் சொல்லல" என்றாள் சின்னப்பொண்ணு. "டீ குடிக்க வந்தவங்க பேசித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் இந்த ஊருல்லியா?" அதற்கு ஊர்ப் பெரியவர் தன் பேரில்தான் தப்பு என்று சொல்லியாயிற்று. அதன் பிறகும் முகம் தெளியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் முழுதாக ஆறித்தான் பேசுவாள்.

"மரம் வெக்கட்டும், வேண்டாங்கல. அடுத்த வருசம் மேட்டுக்காட்டுல சாமை போடற மொறை எனக்கு. அங்க மரத்த நட்டுட்டா நான் எங்க போயி வெதைக்கறது?"

"அது சும்மாதானேங்க கெடக்குது?" என்றார் இளைஞர்.

"சும்மா கெடக்கலீங்க, ஓய்வுல கெடக்குது" என்றான் பழனிச்சாமி. சொல்லிவிட்டு, யார் பக்கம் பேசுகிறோம் என்று அவனே விழித்தான்.

காட்டின் ஓரங்களில் மட்டும் மரம் வைத்தால் கணக்கில் சேருமா என்று பேச்சு போயிற்று. தன் ஆபீசில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் இளைஞர். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். திரும்பி நடக்கும்போது தம்பிக்கு வாய் ஓயவில்லை. "ஒரு டீக்கடைக்காரி மொகத்தப் பாத்துட்டு ஊரே நிக்குது. இந்த வேகத்துல மரம் நட்டு ஒலகம் எப்பக் குளிர்றது?" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோடை யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பது ஈரத்துணியோடு நின்ற எனக்குத் தெரியாதா?

யாழினி எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். சின்ன வயதில் செய்வது அது.

"அம்மா, சித்தி கை தூக்கவே இல்ல. ஆனா எல்லாரும் நின்னாங்க."

"ஆமா கண்ணு."

"நீ அங்க அப்படித்தான் உக்காந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தமிழிலேயே கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

5

தம்பி வீட்டில் சிக்னல் கிடையாது. சின்னப்பொண்ணு கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கிடைக்கும். நிறைவுக் கூட்டம் சனிக்கிழமை, அங்கே காலை, எங்களுக்கு மதியம். சாரல் பெய்துகொண்டிருந்தது. நானும் யாழினியும் போனைச் சர்க்கரை டப்பா மீது சாய்த்து வைத்துக்கொண்டோம்.

பிர்கிட் ஒவ்வொரு பரிந்துரையாக வாசித்து, மறுப்பு உண்டா என்று கேட்டு, அடுத்ததுக்குப் போனாள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் சுவரில் ஒரு சின்னச் சதுரமாக இருந்திருப்பேன். அதில் நான் தலை குனிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கார் நிறுத்துமிடம் வந்தது. மறுப்பு உண்டா என்றாள். மெனக்கெட்டு எழுதி மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பிர்கிட் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"அம்மா, மைக்!" என்று யாழினி பாய்ந்து பொத்தானை அழுத்தினாள்.

"நில்லுங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. சுவரில் இருந்த சதுரத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தப் பரிந்துரைக்கு எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

பிர்கிட் குழம்பினாள். "ஆனால் போன முறை நீங்கள் மறுப்புச் சொல்லவில்லையே?"

"சொன்னேன். பேசாமல் இருந்தேன். எங்கள் ஊரில் அதற்கு மறுப்பு என்றுதான் அர்த்தம். யாராவது வந்து என்ன குறை என்று கேட்பார்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று இன்னும் காத்திருக்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். பிறகு நின்றுவிட்டது. பிர்கிட் தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, இப்போது கேட்கிறேன். உங்கள் குறை என்ன?"

சொன்னேன். மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. ஆறு மணி ஷிப்டு, வராத பஸ், மார்த்தாவின் பையன், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். மரம் எனக்கும் வேண்டும், அந்த அறைகளின் சூட்டை நான் உங்கள் எல்லோரையும்விட அறிவேன், ஆனால் பஸ் ஓடத் தொடங்கிய பிறகு தாரைப் பெயர்த்தால் போதாதா என்று கேட்டேன். பிர்கிட் வாயைத் திறந்தாள். படம் அப்படியே உறைந்து நின்றது. கரண்ட் போயிருந்தது, அதோடு டவரும் போயிற்று.

"முடிஞ்சுதாக்கா?" என்று சின்னப்பொண்ணு அடுப்பிலிருந்து கேட்டாள்.

"சொல்லிட்டேன் கண்ணு. என்ன சொன்னாங்கன்னுதான் தெரியல."

"வரட்டும். டீயக் குடி" என்றாள். யாழினி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

6

மறுநாள் முழுக்க டவர் வரவில்லை. திங்கட்கிழமை ஒரு ஆபீஸ் வேலையாகச் சேந்தமங்கலம் இறங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போன் அதிரத் தொடங்கியது. நகராட்சியிலிருந்து ஒன்றுமில்லை. மார்த்தாவின் குரல் செய்தி ஒன்று. லாக்கரைச் சாத்திய நாளுக்குப் பிறகு அவள் எனக்கென்று பேசிய முதல் பேச்சு. கேட்கப் பயமாக இருந்தது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பழக்கடை ஓரமாக நின்றேன். யாழினிதான் போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள்.

"நீ என்ன சொன்னாய் என்று தெரியவில்லை" என்று ஆரம்பித்தாள் மார்த்தா. "பரிந்துரையை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ரத்து இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு செய்வதற்கு முன்னால் நம்மிடம் வந்து கேட்கப் போகிறார்களாம். மன்றத்திலிருந்து நாலைந்து பேர், காலை ஷிப்டு ஆரம்பிக்கும் நேரத்துக்கே வருகிறார்கள். அந்தப் பெண், பிர்கிட், இல்லத்துக்குப் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்."

இங்கே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பேசினாள்.

"ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று கேட்டாள். உங்கள் நகராட்சியின் அட்டவணையிலேயே பாருங்கள் என்றேன். தேடினாள். நானும் போனை வைக்காமல் நின்றேன். முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டித் தேடினாள். பிறகு, குரலே வெளியே வராமல் கேட்டாள்: காரில் வந்தால் எங்கே நிறுத்துவது?"